பொறியியல் படித்த புகைப்படக் கலைஞர்

படிப்பு முடிந்ததும் என்ன உத்தியோகம் என்ற கேள்விக்கு, விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நம்மில் எவரும் தப்பியதில்லை. கற்ற துறையை விட்டு வேறு வழியிற் சென்றால் கற்றதெல்லாம் வீணாகிவிடுமோ என்னும் அச்சம், அறிவியல் பயிலும் எனக்கும் உண்டு. அவ்வச்சம் தலைதூக்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்ளும் மனிதர் ஒருவர் உளர். அவர்தாம் லாலா தீன்தயாள்.

மீரத்துக்கு அருகேயுள்ள சர்தானா என்னும் ஊரில், 1844-ஆம் ஆண்டில், ஒரு சமணக் குடும்பத்தில் அவர் பிறந்தார். ரூர்க்கியிலிருந்த தாமசன் பொறியியற் கல்லூரியில் பயின்றார். இன்று அங்கே ஐ.ஐ.டி.யாக விளங்கும் நிறுவனத்தின் முன்னோடி அதுவே. 1866-இல் இந்தூரில் பொதுப்பணித் துறையில் அமர்ந்தார். மதிப்பீடு போடுவதும் வரைபடம் வரைவதும் அவர் வேலை. மாதந்தோறும் சம்பளம், ஊரார் மதிப்பு, வேறென்ன வேண்டும்?

ஆயினும் 1870-களில் காமிரா அவரை ஈர்த்தது. அந்நாளில் படம் பிடிப்பது விளையாட்டன்று. கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன் படமெடுத்து, உடனே இருட்டறையில் கழுவியாக வேண்டும். மனித முகத்தைப் பிடிப்பதோ இன்னும் கடினம். எதிரே அமர்ந்தவர் சில விநாடிகள் அசையாதிருக்க வேண்டும். அதற்காகத் தலைக்குப் பின்னே இரும்புத் தாங்கி வைக்கும் வழக்கமும் படநிலையங்களில் இருந்தது.

இந்தூர் மன்னர் துக்கோஜி ராவ் ஹோல்கரும் ஆங்கில அதிகாரிகளும் அவரை ஊக்குவித்தனர். லெப்பல் கிரிஃபின் என்னும் அதிகாரியுடன் மத்திய இந்தியாவில் சுற்றி அவர் எடுத்த கோயில், கோட்டைப் படங்கள் 1886-இல் நூலாக வெளிவந்தன. கட்டிடங்களை அளந்தும் வரைந்தும் பழகிய கண்ணை அப்படங்களிற் காணலாம். பொறியியற் கல்வி எங்கே வீணாயிற்று?

ஏறத்தாழப் பத்தாண்டுகள் உத்தியோகத்தையும் காமிராவையும் ஒருங்கே நடத்திய பின்னரே, 1880-களின் நடுவில், அவர் அரசுப் பணியை விட்டார். நான் பெரிதும் மதிப்பது இதனைத்தான். அவர் அவசரப்படவில்லை, ஒரு காலை ஊன்ற இடம் கண்ட பின்னரே மற்றக் காலை எடுத்தார்.

ஐதராபாத்தின் ஆறாம் நிஜாம் மகபூப் அலிகான் அவரைத் தம் அரசவைப் படக்கலைஞராக்கிக் கொண்டார். செகந்திராபாத்திலும், 1896-இல் பம்பாயிலும் அவருடைய படநிலையங்கள் நடந்தன. மன்னர், பிரபுக்கள், வெள்ளைக்காரத் துரைமார் எனப் பலரும் அவர் காமிராவின் முன் அமர்ந்தனர். கோஷாப் பெண்டிர் அந்நிய ஆடவர் முன் வரமாட்டார்கள் அல்லவா? அவர்களுக்கென்றே 1892-இல் ஐதராபாத்தில் தனி நிலையம் அமைத்து, ஓர் ஆங்கிலப் பெண்மணியின் பொறுப்பில் விட்டார். நிஜாம் அவருக்கு ராஜா முசவ்விர் ஜங் என்னும் பட்டம் அளித்தார். முசவ்விர் என்றால் படம் ஆக்குபவர் என்பது பொருள்.

அவர் படங்களில் அரண்மனைப் பகட்டே மிகுதி என்பாரும் உண்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. காசு கொடுப்போர் முகமே படநிலையத்திற் பதியும். எனினும், 1899-ஐ ஒட்டி நிஜாம் நாட்டைப் பஞ்சம் வாட்டியபோது, அங்கு நடந்த நிவாரணப் பணிகளையும் அவர் நிலையம் படமாக்கியது.

1905-இல் அவர் மறைந்தார். அவருடைய 2,800-க்கு மேற்பட்ட கண்ணாடித் தகடுகளைப் புதுடில்லியிலுள்ள இந்திரா காந்தி தேசியக் கலை மையம் 1989-இல் வாங்கிப் பாதுகாத்தது. 2006-இல் அவர் உருவம் அஞ்சல் தலையிலும் இடம்பெற்றது. பிறர் முகங்களை வாழவைத்தவரின் முகமும் வாழ்கிறது!

நண்பர்களே, அடுத்த விடுமுறையிலும் அக்கேள்வி என் முன் வந்து நிற்கும். உறுதியான விடை இன்னும் என்னிடம் இல்லை. ஆயினும், வழி மாறினால் கற்றது வீண் என்று எவரேனும் சொன்னால், ரூர்க்கியில் படித்த இம்மனிதரின் கதையை அவருக்குச் சொல்வேன். வழி மாற எனக்கே ஆசை வந்தால், அவர் பொறுத்திருந்த பத்தாண்டுகளை எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.