மண் களத்திலிருந்து ஹெல்சிங்கிக்கு

எங்கள் திகாம் பத்துப் பக்கம் மல்யுத்தம் என்றால் பெரியவர்கள் கிங்காங், தாரா சிங் பெயர்களைத்தான் சொல்வார்கள். நான் மாணவர்களிடம் சொல்ல விரும்புவது கஷாபா ஜாதவைப் பற்றி. சுதந்திர இந்தியாவுக்குத் தனிநபர் பிரிவில் முதல் ஒலிம்பிக் பதக்கம் பெற்றுத் தந்தவர் அவர்.

1926 ஜனவரி 15-இல், மகாராஷ்டிராவின் கராட் அருகே கோலேஷ்வர் கிராமத்தில் பிறந்தார். தந்தை தாதாசாகேப் ஒரு பயில்வான். ஐந்து மகன்களில் இவரே கடைசி. உருவத்தில் சிறியவர்தான். ஆனால் பிடி நழுவும் வேகத்தில் பெரிய உடம்புக்காரர்களையும் திணறடித்தார். கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் படித்தபடியே பயிற்சி செய்தார்.

1948 லண்டன் ஒலிம்பிக்கிற்கு கோலாப்பூர் மகாராஜா பண உதவி செய்தார். அதுவரை ஜாதவ் மண்ணில் மட்டுமே மோதியவர். மெத்தை விரிப்பில் கால் ஊன்றும் விதம் வேறு, புள்ளி எண்ணும் முறையும் வேறு. அமெரிக்கர் ரீஸ் கார்ட்னர் அங்கே பயிற்சி கொடுத்தார். கிடைத்தது 6-ஆவது இடம். புதிய தளத்தில் இறங்கிய ஒருவருக்கு அது சாதாரணமா, சொல்லுங்கள்!

அடுத்த நான்கு ஆண்டுகள் எடைப்பிரிவை மாற்றிக் கடுமையாக உழைத்தார். சென்னையில் நடந்த தேசியப் போட்டியில் தமக்கு நியாயம் கிடைக்கவில்லை என்று முறையிட்டு, மறுபோட்டியில் வென்று இந்திய அணியில் இடம் பிடித்தார்.

இடம் கிடைத்தது, பணம் இல்லை. ஊரில் வீடு வீடாக வசூல் செய்தார்கள். கல்லூரி முதல்வர் கர்டேகர் தம் சொந்த வீட்டை அடகு வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார். தோட்டத்துப் பிள்ளைகளைப் போட்டிக்கு அனுப்ப வீடு வீடாகப் பணம் சேர்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியும். ஆனால் ஒரு மாணவனுக்காக வீட்டையே வைப்பதென்றால்?

1952 ஹெல்சிங்கி. கிரேக்க-ரோமன் பாணியில் இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாது. ஜாதவ் மோதியது காலையும் பிடிக்கலாம் என்ற ஃபிரீஸ்டைல் பிரிவில், 57 கிலோ எடையில். கனடா, மெக்சிகோ, ஜெர்மனி வீரர்களை வென்றார். ஜப்பானின் இஷியோடு நெடுநேரம் போராடித் தோற்றார். இஷிதான் பின்னர் தங்கம் வென்றவர். மூச்சு வாங்குவதற்குள் சோவியத் வீரர் மமத்பெயோவோடு மோத அழைத்துவிட்டார்கள். இரு ஆட்டங்களுக்கு இடையே அரை மணி நேர ஓய்வு தர வேண்டும் என்பது விதி. அதைக் கேட்டு வாதாட இந்திய அதிகாரி ஒருவர்கூட அருகில் இல்லை. களைத்த உடம்போடு இறங்கித் தோற்றார். எனக்கு இந்த இடம்தான் மனத்தை உறுத்துகிறது. பயணச் செலவுக்கு ஓர் ஊரே நின்றது. களத்தின் ஓரத்தில் நிற்க ஆள் இல்லை.

வெண்கலத்தோடு திரும்பியவரை கராட்டில் 151 மாட்டுவண்டிகளில் ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். அதன் பிறகு அவர் செய்த முதல் காரியங்களில் ஒன்று, மல்யுத்தப் போட்டிகள் நடத்திப் பணம் திரட்டி, முதல்வரின் கடனை அடைத்தது.

1955-இல் காவல்துறையில் துணை ஆய்வாளர் ஆனார். முழங்கால் காயத்தால் 1956 ஒலிம்பிக் கைநழுவியது. 1984 ஆகஸ்டு 14-இல் சாலை விபத்தில் இறந்தார். 1961 முதல் வழங்கப்பட்டுவந்த அர்ஜுனா விருது அவர் மறைந்த பிறகே வந்தது. இந்தியாவின் அடுத்த தனிநபர் பதக்கத்தை 1996-இல் லியாண்டர் பயஸ் டென்னிஸில் வென்றார், 44 ஆண்டுகள் கழித்து. புதுடில்லி இந்திரா காந்தி விளையாட்டரங்க வளாகத்தின் மல்யுத்த அரங்குக்கு 2010-இல் ஜாதவின் பெயரை வைத்தார்கள்.