டவ் ஆற்றங்கரைக் கவிஞர் சார்லஸ் காட்டன்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டார்பிஷயர், ஸ்டாஃபோர்ட்ஷயர் என்னும் இரு மாவட்டங்களுக்கு எல்லைக்கோடாக ஓடுவது டவ் ஆறு. சுண்ணாம்புக்கல் மலைகளுக்கிடையே தெளிந்த நீரோடு வளைந்து வளைந்து செல்லும் சிற்றாறு அது. அதன் கரையில், பெரெஸ்ஃபோர்ட் என்னும் பள்ளத்தாக்கில், சதுர வடிவான சிறிய கல்வீடு ஒன்று இன்றும் நிற்கிறது. வாயில் வளைவின் மேல் 1674 என்னும் ஆண்டும், மீன்பிடிப்போர்க்கு இவ்விடம் உரியது என்னும் பொருள்படும் இலத்தீன் தொடரும், ஒன்றோடொன்று பின்னிய எழுத்துகள் சிலவும் பொறிக்கப்பட்டுள்ளன. அவ்வெழுத்துகள் இருவருடைய பெயர்களின் முதலெழுத்துகள். ஒருவர் ஐசக் வால்டன். மற்றவர் அவ்வீட்டைக் கட்டிய கவிஞர் சார்லஸ் காட்டன். நிலம், மாளிகை, செல்வம் அனைத்தையும் இழந்த ஒரு கவிஞர், கல்லில் எழுதிய நட்பை மட்டும் இழக்காமல் நின்ற வரலாறு இது.

சார்லஸ் காட்டன் 1630ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் பெரெஸ்ஃபோர்ட் மாளிகையில் பிறந்தார். தந்தையின் பெயரும் சார்லஸ் காட்டனே. பென் ஜான்சன், ஜான் டன் முதலிய பெரும்புலவர்களோடு நெருங்கிப் பழகியவர் அத்தந்தை. நல்லோர் கூட்டத்தை மகனுக்கு முதுசொமாக வைத்த அவர், வழக்குகளாலும் கடன்களாலும் நைந்துபோன நிலங்களையும் அதனோடு சேர்த்தே வைத்துச் சென்றார். மகன் பிரெஞ்சு, இத்தாலியம், இலத்தீன் ஆகிய மொழிகளைக் கற்றார், கவிதை எழுதினார், 1656இல் உறவினரான இசபெல்லா ஹட்சின்சனை மணந்தார். 1658இல் தந்தை மறைந்தபோது, மாளிகையும் கடனும் ஒருங்கே அவர் கைக்கு வந்தன.

தந்தையின் நண்பர் குழாத்திலிருந்து அவருக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் ஐசக் வால்டன். 1593இல் ஸ்டாஃபோர்டில் பிறந்து, லண்டனில் வணிகராக வாழ்ந்து, ஜான் டன் முதலான சான்றோரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதியவர் வால்டன். 1653இல் அவர் வெளியிட்ட தூண்டிற்கலை நூல் அவருக்கு அழியாப் புகழைத் தந்தது. காட்டனைவிட அவர் முப்பத்தேழு வயது மூத்தவர். காட்டனோ அவரைத் தந்தையே என்றழைத்தார். வால்டனும் அவரை மகனாகவே கொண்டார். ஒருவர் நகரத்து வணிகர், மற்றவர் நாட்டுப்புறப் பெருநிலக்கிழார். ஒருவர் அடக்கமே உருவானவர், மற்றவர் நகைச்சுவையும் செலவும் மிக்கவர். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நினைவுக்கு வரும் நட்பு அது. உணர்ச்சி ஒத்த இடத்தில் வயதும் குலமும் குறுக்கே நிற்கவில்லை.

வால்டனின் நூலில் ஒரு குறை இருந்தது. புழு, வெட்டுக்கிளி முதலிய உயிரிரைகளைக் கோத்து மீன்பிடிப்பதில் வல்லவரான அவர், செயற்கை ஈயைக் கொண்டு டிரௌட் மீனைப் பிடிக்கும் கலையைப் பிறர் நூல்களையும் சொற்களையும் சார்ந்தே எழுத நேர்ந்தது. அக்கலையில் துறைபோகியவர் காட்டன். தம் வீட்டு வாயிலிலேயே டவ் ஆறு ஓட, இளமை முதல் அதன் ஒவ்வொரு மடுவையும் அறிந்தவர். இக்குறையை நிறைவு செய்யும் பகுதியை எழுதித் தருவதாக அவர் வால்டனுக்கு வாக்களித்திருந்தார். ஆண்டுகள் கழிந்தன, வாக்கு நிறைவேறவில்லை. 1676ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வால்டனின் நூல் ஐந்தாம் பதிப்பாக அச்சேறுகிறது என்னும் செய்தி பெரெஸ்ஃபோர்டுக்கு எட்டியது. வால்டனுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. அடுத்த பதிப்புக்கெனக் காத்திருக்க இனிக் காலமில்லை என்பது காட்டனுக்கு விளங்கியது. எழுதுகோலை எடுத்தவர், பத்து நாள்களுக்குச் சற்றே மிகுந்த காலத்தில் நூலை முடித்து, மார்ச்சு 10ஆம் நாளிட்ட மடலுடன் லண்டனுக்கு அனுப்பிவைத்தார்.

அந்நூல் உரையாடல் வடிவில் அமைந்தது. வால்டனின் நூலில் மாணவராக வந்த வேட்டைக்காரரே இங்கு வழிப்போக்கராக வருகிறார். ஆஷ்போர்னுக்குச் செல்லும் வழியில் அவர் ஒரு குதிரை வீரரைச் சந்திக்கிறார். இருவரும் வால்டனின் அன்பர்கள் என்பது தெரிந்ததும், அந்த ஒரு பெயரே அவர்களை உறவாக்கிவிடுகிறது. விருந்தினரை மலைச் சரிவுகளின் வழியே தம் மாளிகைக்கு அழைத்துச் செல்லும் அவ்வீரர், மறுநாள் காலை ஆற்றங்கரை வீட்டில் அமர்ந்து ஈ கட்டும் கலையைக் கற்பிக்கிறார்.

அக்கலையின் உட்பொருள் எளிது; செய்முறை நுட்பமானது. டிரௌட் மீன் நீர்வாழ் பூச்சிகளை உண்பது. அப்பூச்சிகள் ஆற்றடியில் வளர்ந்து, பருவம் வந்ததும் மேலெழுந்து சிறகு விரிக்கின்றன. அப்பூச்சியின் நிறத்தையும் வடிவையும் மயிராலும் இறகாலும் தூண்டில் முள்ளின் மேல் உருவாக்கி, ஓடும் நீரில் உயிருள்ளதுபோல் செலுத்துவதே இக்கலை. காட்டன் எவ்வகைப் பிடிகருவியும் கொள்ளவில்லை. முள்ளை இடக்கையின் சுட்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் இடையே பற்றி, மெழுகிட்ட பட்டு நூலால் அதைக் குதிரை மயிர்க் கயிற்றோடு இறுகக் கட்டுவார். சிறகுக்குரிய இறகை முதலில் கட்டி, நூலை முள்ளின் வளைவு வரை கொண்டுபோவார். பின்னர் மென்மயிரை நூலில் முறுக்கி, உடலைச் சிறகை நோக்கி மேலே சுற்றிக்கொண்டு வருவார். இறுதியில் இறகை இரு கூறாகப் பிரித்து, நூலைக் குறுக்கே செலுத்தி, பின்புறமாகச் சாய்த்து நிறுத்தும்போது இரு சிறகுகள் பிறக்கும். பிற்காலத்தார் இறக்கையுள்ள நனையீ என்று வகைப்படுத்தி, நீரின் மேற்பரப்பிற்குச் சற்றுக் கீழே செலுத்திய ஈக்களுக்கெல்லாம் இம்முறை முன்னோடியாய் அமைந்தது.

பொருள்களைத் தேர்வதில் அவர் காட்டிய கூர்மை வியப்புக்குரியது. கரடி மயிர், ஒட்டக மயிர், பன்றியின் மென்மயிர், நரிக்குட்டியின் அடிமயிர், மயில் இறகின் இழை, காட்டு வாத்தின் சாம்பல் நிற இறகு எனப் பலவும் அவருடைய பையில் இருந்தன. கருநிற வேட்டை நாயின் கழுத்தை நுண்பற்கள் கொண்ட சீப்பால் வாரினால் பற்களில் தங்கும் பஞ்சு போன்ற மயிரே மிகச் சிறந்த நீலச்சாம்பல் நிறம் என்று அவர் கண்டறிந்தார். மே மாதம் 20ஆம் நாளையொட்டி வெளிப்படும் பெரிய பச்சை ஈயின் சிறகுக்கு, வாத்திறகில் மஞ்சள் சாயம் ஏற்றும் முறையையும் எழுதிவைத்தார். நிறத்தைக் கையில் வைத்துப் பார்த்து முடிவு செய்யலாகாது. கண்ணுக்கும் கதிரவனுக்கும் நடுவே பிடித்துப் பார்க்கவேண்டும் என்பது அவர் கொள்கை. மீன் அந்த ஈயைக் கீழிருந்து, வானொளியின் எதிரே காண்கிறது. காண்பவன் கண்ணை விட்டு, காணப்படுவதற்கு உரிய கண்ணைக் கொள்வது கவிஞனின் இயல்பு அன்றோ!

திங்கள்தோறும் ஆற்றில் தோன்றும் பூச்சிகளை வரிசைப்படுத்தி, அறுபதுக்கும் மேற்பட்ட ஈக்களைக் கட்டும் முறையை அவர் அந்நூலில் தந்தார். லண்டன்காரர்கள் கட்டும் பருத்த ஈக்கள் அவருக்கு நகைப்பை ஊட்டின. சாளரத்தில் தொங்கவிட்டுச் சிரிப்பதற்கே அவை ஏற்றவை என்று அவர் கருதினார். மெல்லிய கயிறும் நெடுந்தொலைவு வீச்சுமே தெளிந்த நீரில் மீன்பிடிப்பதற்கு முதல் விதி என்று வகுத்தார். ஐந்தாறு கஜ நீளமுள்ள இலேசான கோல், அதனினும் ஒன்றரை முதல் இரண்டு கஜம் மிகுந்த கயிறு, முள்ளை அடுத்து இரண்டே குதிரை மயிர்கள்: இவை அவருடைய அளவுகள். மரமும் பாசியும் இல்லாத ஆற்றில், இரண்டு மயிர்களைக் கொண்டு இருபது அங்குல மீனைக் கரைசேர்க்க இயலாதவர் தூண்டிற்காரர் என்னும் பெயருக்கு உரியர் அல்லர் என்றும் உரைத்தார். கயிற்றை உருட்டும் கருவியேதும் இன்றி, கையின் நிதானத்தையே நம்பியவர் சொல் அது.

ஆற்றங்கரை வீட்டைப் பற்றிய பேச்சு நூலில் வரும் இடம் நெஞ்சைத் தொடுவது. வால்டன் கடைசியாக வந்தபோது அவ்வீடு வாயில் வளைவின் உயரத்திற்குக்கூட எழும்பவில்லை. எழுத்துகள் பின்னிய கல்லை, கட்டடத்தில் ஏற்றுவதற்கு முன் தரையில் கிடந்த நிலையில்தான் அவர் கண்டார். இக்கோடையிலும் அவர் வருவது ஐயமே என்ற கவலையை வீட்டுக்காரர் விருந்தினரிடம் வெளியிடுகிறார். உரையாடலில் பேசுபவர் கற்பனைப் பாத்திரம்; கவலையோ காட்டனுடையது.

அக்கவலைக்கு ஏப்ரல் 29ஆம் நாளிட்ட மடலில் விடை வந்தது. கையெழுத்துப் படியைப் படித்து மகிழ்ந்த வால்டன், அவ்வீடு நிற்கும் இடத்தின் அழகு படிப்போர்க்கு விளங்குமாறு பக்க ஓரத்தில் தாமே குறிப்புகளைச் சேர்த்திருந்தார். தனிமையின் இனிமையைப் பற்றிக் காட்டன் தமக்கு எழுதிய கவிதையையும் நூலின் இறுதியில் இணைத்தார். நூறு மைல்களுக்கு மேற்பட்ட தொலைவையும் எண்பத்து மூன்றாம் வயதையும் மறந்து, அடுத்த மாதம் பெரெஸ்ஃபோர்டுக்குப் புறப்படுவதாகவும் தெரிவித்தார். இருவர் எழுத்தும் ஒரே நூலாக அவ்வாண்டே வெளிவந்தது. கல்லில் பின்னிய பெயர்கள் ஏட்டிலும் பின்னிக்கொண்டன.

இவ்வளவு பொறுமையோடு ஈ கட்டிய கைகளால் வீட்டுக் கணக்கைக் கட்டிக்காக்க இயலவில்லை. கடனடைக்க நிலங்களை விற்க 1665இல் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி அவர் இசைவு பெறவேண்டியிருந்தது. கடன்காரர்கள் தேடி வரும்போது மாளிகைக்கு அருகிலுள்ள குகையில் அவர் ஒளிந்திருப்பார் என்பது அவ்வூரார் வழிவழியாகச் சொல்லும் செய்தி. இசபெல்லா மறைந்தபின் ஆர்ட்கிளாஸ் பிரபுவின் கைம்பெண்ணாகிய மேரியை மணந்தார். அதனாலும் தளர்ச்சி நீங்கவில்லை. 1681இல் பெரெஸ்ஃபோர்ட் விலைபோயிற்று. பிறந்த மாளிகையும், வாழ்நாளெல்லாம் பாடிய ஆறும், வால்டனின் பெயர் தாங்கிய வீடும் பிறர் உடைமையாயின. அந்த மலைநாட்டின் அதிசயங்களைப் பாடிய அவருடைய நெடுங்கவிதை வெளிவந்ததும் அதே 1681ஆம் ஆண்டில்தான். 1683ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் நாள், தொண்ணூறு வயது நிறைந்த வால்டன் வின்செஸ்டர் நகரில் இயற்கை எய்தினார்.

நிலமிழந்த காட்டன் எழுத்தை விடவில்லை. மான்டேயின் என்னும் பிரெஞ்சுப் பேரறிஞரின் கட்டுரைகளை மொழிபெயர்த்து 1685 முதல் வெளியிட்டார். ஆங்கிலம் பேசுவோர் பல தலைமுறைகள் மான்டேயினை அறிந்தது அம்மொழிபெயர்ப்பின் வாயிலாகவே. 1687ஆம் ஆண்டு பிப்ரவரியில் லண்டனில் காட்டன் காலமானார். பிக்கடில்லியில் உள்ள புனித ஜேம்ஸ் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். எஞ்சிய உடைமையை நிர்வகிக்கும் பொறுப்பை மனைவியும் மக்களும் ஏற்க மறுத்தமையால், நீதிமன்றம் அதனை முதன்மைக் கடன்காரரிடமே ஒப்படைத்தது.

வாழ்ந்த காலத்தில் அவருக்குப் பெயர் தந்தவை, வர்ஜிலின் காப்பியத்தைக் கேலி செய்து 1664இல் எழுதிய அங்கதப் பாடல் போன்றவையே. அவை இன்று மறக்கப்பட்டன. நாட்டுப்புறத்தின் காலையையும் மாலையையும் குளிர்காலத்தையும் நட்பையும் பாடிய கவிதைகள் அவர் மறைந்தபின் 1689இல் தொகுதியாக வெளிவந்தன. நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தன. நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின், வேர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் சார்லஸ் லாம்பும் அவற்றைக் கண்டெடுத்துப் போற்றினர். 1943இல் இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன், மாலைப்பொழுதைப் பாடும் காட்டன் கவிதைக்கு இசையமைத்து உலக அரங்கில் ஒலிக்கச் செய்தார்.

பெரெஸ்ஃபோர்ட் மாளிகை 19ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது. மீன்பிடிக்கும்போது இளைப்பாறக் கட்டிய சிறுவீடு நிலைத்து நிற்கிறது. பத்து நாளில் எழுதிய சிறுநூல், வால்டனின் நூலோடு சேர்ந்து இன்றும் அச்சில் இருந்துவருகிறது. காலத்தாழ்வாயினும் நண்பருக்குத் தந்த சொல்லை அந்நண்பர் வாழும்போதே காத்தமையால் பிறந்த நூல் அது. காட்டன் விட்டுச்சென்ற உடைமைகளுள் எந்தக் கடன்காரரும் கைப்பற்ற இயலாதிருந்தது அதுவொன்றே.