தூசியில் நிறம் கண்ட திருச்சிக்காரர்

ஆடி மாதம் காவிரியில் புதுவெள்ளம் வருவதைப் பார்த்திருக்கிறீர்களா, குழந்தைகளே? செம்மண் கரைந்து, காபி நிறத்தில் நுரையோடு ஓடிவரும். அதை ஒரு டம்ளரில் பிடித்து அசைக்காமல் வையுங்கள். மண் அடியில் தங்கிவிடும். ஆனால் மேலே நிற்கும் தண்ணீர் லேசாகக் கலங்கியே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத துகள்கள் கீழே இறங்காமல் மிதப்பதுதான் காரணம்.

இப்படி மிதக்கும் துகள்கள் வெளிச்சத்தை என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தவர்களில் ஒருவர் நம் திருச்சிக்காரர், சர் சி.வி. ராமன்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவில்தான் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும் இருக்கின்றன. திருவானைக்காவலில் தாத்தா வீட்டில் 1888-ஆம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி ராமன் பிறந்தார். தந்தை சந்திரசேகர ஐயர் ஆசிரியர்; தாயார் பார்வதி அம்மாள். பஞ்சபூதத் தலங்களில் நீருக்குரியது திருவானைக்காவல். அங்கே பிறந்தவர் பிற்காலத்தில் நீரின் நிறத்தைப் பற்றி யோசித்தது பொருத்தம்தானே!

தந்தைக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி வேலை கிடைத்ததால், ராமன் அங்கே படித்தார். 11 வயதிலேயே மெட்ரிகுலேஷன் தேறினார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. 1904-இல் பி.ஏ. தேர்வில் முதலிடம். மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகலாம் என்றால், உடம்பு அந்தக் குளிரைத் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். எம்.ஏ. முடித்து 1907-இல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியானார்.

நல்ல சம்பளம், நல்ல பதவி. ஆனாலும் மனம் சோதனைக் கூடத்தையே தேடியது. பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்துக்குக் காலையிலும் மாலையிலும் ஓடுவார்; நடுவில்தான் அலுவலகம். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வேறு! 1917-இல் கல்கத்தா பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்தது. அங்கே சம்பளம் மிகவும் குறைவு. குடும்பஸ்தர் யாரும் தயங்குவார்கள். ராமன் அரசாங்க வேலையை விட்டுவிட்டுப் போனார்.

அங்கேதான் அந்த அழகான சோதனை. ஹைப்போ எனப்படும் உப்பின் கரைசலில் சிறிது அமிலம் சேர்த்தால், கந்தகம் நுண்ணிய துகள்களாகப் பிரிந்து மிதக்கும். நேரம் ஆக ஆகத் துகள்கள் பெரிதாகும். அதன் வழியே வரும் ஒளி முதலில் மஞ்சளாகும், பிறகு சிவக்கும், அப்புறம் ஏறக்குறைய மறைந்தே போகும். சற்று நேரத்தில் கருநீலமாகத் திரும்பவும் தோன்றி, நீலம், பச்சை என்று மாறி, கடைசியில் வெள்ளையாகும்! துகளின் பருமனுக்கும் நிறத்துக்கும் உள்ள உறவை ராமனும் விதுபூஷண் ராயும் ஆராய்ந்து எழுதிய கட்டுரை 1921-இல் லண்டனில் வெளியானது. (இதில் மூச்சை அடைக்கும் வாயு வரும். வீட்டில் செய்யாதீர்கள். அதற்குப் பதிலாக, ஒரு டம்ளர் தண்ணீரில் சில சொட்டுப் பால் விட்டு, இருட்டறையில் டார்ச் அடியுங்கள். பக்கவாட்டில் பார்த்தால் நீலச் சாயை. டார்ச்சுக்கு நேர் எதிரே பார்த்தால் மஞ்சள்.)

இப்போது கடைகளில் விற்கும் வெயில் காப்புக் களிம்பிலும் இதே சங்கதிதான். துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைத் தாதுப் பொடிகளை அதில் மிதக்க விடுகிறார்கள். பொடி பருமனாக இருந்தால் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுக்கும். மிக நுண்ணியதாக இருந்தால், கண்ணுக்குத் தெரியும் ஒளி தடையின்றிப் போய்விடும்; புற ஊதாக் கதிர்கள் மட்டும் பெரும்பாலும் தடுக்கப்படும். பொடியைச் சரியாகக் கலக்காமல் கட்டி தட்டிவிட்டால் சோதனை பாழ். ராமன் களிம்பு எதுவும் செய்யவில்லை. ஆனால் துகளின் பருமன்தான் முக்கியம் என்ற கணக்கு அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதே 1921-இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்பும்போது, மத்தியதரைக் கடலின் நீலம் அவரை உலுக்கியது. வானம் பிரதிபலிப்பதால்தான் கடல் நீலம் என்று மேதை ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் பையிலிருந்த நிக்கோல் பட்டகத்தால் வானத்தின் பிரதிபலிப்பை மறைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை! தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று முடிவு கட்டினார். பம்பாய் துறைமுகம் வந்ததுமே கட்டுரை எழுதி லண்டனுக்கு அனுப்பினார்.

ஏழு வருட உழைப்புக்குப் பின், 1928 பிப்ரவரி 28-இல் 'ராமன் விளைவு' கண்டறியப்பட்டது. கூட இருந்து உழைத்தவர் கே.எஸ். கிருஷ்ணன்; அவரும் தமிழர்தான். ஒரே நிற ஒளி திரவத்தில் சிதறும்போது, அதில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வெளிவருகிறது என்பதே அது. 1930-இல் நோபல் பரிசு. 1954-இல் பாரத ரத்னா.

கடைசிக் காலம் பெங்களூரில், 1948-இல் அவரே தொடங்கிய ஆராய்ச்சி நிலையத்தில் கழிந்தது. வைரம், ஓபல் என்று ஏராளமான கற்களைச் சேர்த்து வைத்திருந்தார். சில சாதாரணக் கற்களை இருட்டறையில் வைத்து, புற ஊதா விளக்கைப் போட்டால் பச்சையும் சிவப்புமாக ஒளிரும். பார்க்க வருகிறவர்களுக்கு அதைக் காட்டுவதில் அவருக்கு அலாதி மகிழ்ச்சி. 1970 நவம்பர் 21-இல் காலமான அவரை, அந்த நிலையத்தின் தோட்டத்திலேயே தகனம் செய்தார்கள்.