தொட்டில் ஆடவில்லை!

ஒரு ராணியின் கதை

இங்கிலாந்து ராணி மேரி 1516-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந்தேதி பிறந்தாள். தந்தை, மன்னன் 8-ம் ஹென்றி. தாய், ஸ்பெயின் நாட்டு இளவரசி காதரீன்.

ஹென்றிக்கு ஆண் வாரிசு வேண்டும் என்று ஆசை. அதனால் காதரீனைத் தள்ளி வைத்துவிட்டு வேறு பெண்ணை மணந்தான். மேரியின் இளவரசிப் பட்டம் பறிபோனது. தாயைப் பார்க்கக்கூட அவளை விடவில்லை.

தம்பி எட்வர்டு இறந்தபின், 1553-ல் மேரி ராணி ஆனாள். அப்பொழுது வயது 37. கத்தோலிக்க மதத்தில் உறுதியானவள். தங்கை எலிசபெத்தோ எதிர்க் கட்சியாரின் நம்பிக்கை. மேரிக்குக் குழந்தை இல்லாவிட்டால் பட்டம் எலிசபெத்துக்குப் போய்விடும்!

முழுகாத ராணி

1554 ஜூலை 25-ந்தேதி ஸ்பெயின் இளவரசன் பிலிப்பை மேரி மணந்தாள். அவன் அவளைவிட 11 வயது இளையவன்.

இரண்டே மாதத்தில் மாதவிலக்கு நின்றது. காலையில் குமட்டல். வயிறும் பெருத்தது. குழந்தை அசைவதாகவும் ராணி உணர்ந்தாள். அந்தக் காலத்து வைத்தியர்கள் சிறுநீரின் நிறத்தைப் பார்த்தும், அறிகுறிகளைக் கேட்டும்தான் சொல்வார்கள். கர்ப்பம்தான் என்றார்கள்.

1555 ஏப்ரலில் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் ராணி பிரசவ அறைக்குள் போனாள். அலங்காரத் தொட்டில் வந்தது. வெளிநாடுகளுக்கு அனுப்பக் கடிதங்களும் எழுதியாயிற்று. குழந்தை பிறக்கும் தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள்.

ஏப்ரல் 30-ந்தேதி, ஆண் குழந்தை பிறந்துவிட்டதாக லண்டனில் வதந்தி கிளம்பியது. கோவில் மணிகள் முழங்கின. தெருக்களில் தீ மூட்டி மக்கள் கொண்டாடினார்கள். அத்தனையும் பொய்!

மே போயிற்று. ஜூன் போயிற்று. கணக்கு தப்பிவிட்டது என்றார்கள் வைத்தியர்கள். ஜூலையும் போயிற்று. பெருத்த வயிறு வற்றியது. ஆகஸ்டு மாதம் வெறுங்கையோடு ராணி வெளியே வந்தாள். சில வாரங்களில் பிலிப்பும் கடல் கடந்து போய்விட்டான்.

மறுபடியும் ஏமாற்றம்

1557-ல் பிலிப் வந்து சில மாதங்கள் தங்கினான். அவன் போனபின், மேரி மறுபடியும் கர்ப்பம் என்று நம்பினாள். பிரசவத்தில் இறந்துவிட்டால் என்ன செய்வது என்று 1558 மார்ச்சில் உயிலும் எழுதினாள். அப்பொழுதும் குழந்தை இல்லை.

அவள் ஆட்சியில், மதம் மாற மறுத்த சுமார் 280 பேர் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அந்தப் பழியையும் சுமந்துகொண்டு, 1558 நவம்பர் 17-ந்தேதி, 42-வது வயதில் மேரி இறந்தாள். எலிசபெத் ராணி ஆனாள்.

மேரிக்கு வந்தது பொய்க் கர்ப்பமா, வயிற்றில் கட்டியா? டாக்டர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இன்று எப்படி?

கரு, கருப்பையில் ஒட்டியதும் ஒரு ஹார்மோன் சுரக்கிறது. அது சிறுநீரிலும் கலக்கும். பெர்லின் டாக்டர்கள் ஆஷைம், சோண்டக் இருவரும் 1920-களின் கடைசியில் இதை வைத்துச் சோதனை கண்டுபிடித்தார்கள். பெண்ணின் சிறுநீரைச் சுண்டெலிக்கு ஊசியில் செலுத்திப் பார்த்தார்கள்.

இன்று எலி வேண்டாம். நாள் தள்ளிப் போனதும், காலையில் முதல் சிறுநீரைச் சோதனை அட்டையில் சில சொட்டு விட்டால் போதும். சில நிமிடத்தில் இரண்டு கோடு தெரிந்தால் கர்ப்பம். ஒரு கோடுதான் தெரிந்து, மாதவிலக்கும் வராவிட்டால், ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். கடைசி மாதவிலக்கிலிருந்து ஏழு வாரம் அளவில், குழந்தையின் இதயத் துடிப்பை ஸ்கேனில் காணலாம்.

ஒரு நாட்டின் ராணி பத்து மாதம் காத்திருந்தும் அறிய முடியாததை, இன்று குடிசையில் இருக்கும் பெண் ஒரே காலையில் அறிந்துகொள்கிறாள்!