பொம்மைப் போர் நடத்திய எச்.ஜி.வெல்ஸ்

எச்.ஜி.வெல்ஸ் உலகப் புகழ் பெற்ற ஆங்கில எழுத்தாளர். காலத்தைக் கடந்து செல்லும் எந்திரத்தைப் பற்றிக் கதை எழுதியவர். செவ்வாய்க் கிரகவாசிகள் பூமியின் மீது படை எடுத்து வருவதாக எழுதியவரும் அவரே.

ஆனால், அவர் ஒரு விளையாட்டையும் உருவாக்கினார் என்பது பலருக்குத் தெரியாது. அது போர் விளையாட்டு!

வறுமையில் பிறந்தார்

வெல்ஸ் 1866-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி, இங்கிலாந்தில் உள்ள புரோம்லி என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் ஜோசப், பீங்கான் சாமான் கடை வைத்திருந்தார். கடையில் வியாபாரம் இல்லை. ஜோசப் நல்ல கிரிக்கெட் ஆட்டக்காரர். பந்து வீசிக் கிடைத்த பணம் குடும்பத்துக்குக் கை கொடுத்தது.

1874-ம் ஆண்டு, சிறுவன் வெல்ஸின் கால் முறிந்தது. படுத்த படுக்கையாகக் கிடந்தான். தகப்பனார் புத்தகங்கள் கொண்டு வந்து கொடுத்தார். அன்று பிடித்த படிப்பு ஆசை கடைசி வரை விடவில்லை.

பட்ட காலிலே படும் என்பார்கள். 1877-ம் ஆண்டு தகப்பனாரின் காலும் முறிந்தது. கிரிக்கெட் வருமானம் நின்றது. தாயார் சாரா, "அப்பார்க்" என்ற பெரிய மாளிகையில் வேலைக்குப் போனார்.

துணிக்கடைப் பையன்

வெல்ஸை ஒரு துணிக்கடையில் தொழில் பழக விட்டார்கள். தினமும் 13 மணி நேர வேலை. புத்தகத்தைத் தொட நேரம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, 17 மைல் தூரம் நடந்தே தாயாரிடம் போனார். இனி அந்தக் கடையில் இருக்க முடியாது என்று சொல்லி விட்டார்.

பிறகு ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, பாடம் சொல்லிக் கொடுத்துக் கொண்டே தாமும் படித்தார். 1884-ம் ஆண்டு உபகாரச் சம்பளம் கிடைத்தது. லண்டனில் விஞ்ஞானம் படித்தார். புகழ் பெற்ற விஞ்ஞானி டி.எச்.ஹக்ஸ்லி அவருக்கு ஆசிரியர்.

1895-ம் ஆண்டு அவருடைய "கால எந்திரம்" நாவல் வெளிவந்தது. புகழும் பணமும் தேடி வந்தன.

தரையில் ஒரு நகரம்

வெல்ஸுக்கு ஜார்ஜ், பிராங்க் என்ற மகன்கள் இருந்தார்கள். பெரிய எழுத்தாளரான அவர், மகன்களுடன் தரையில் அமர்ந்து விளையாடுவார்.

தரைதான் கடல். பலகைகள் தீவுகள். அவற்றில் மரக்கட்டைகளால் வீடுகள் கட்டுவார்கள். ரெயில் பாதை போடுவார்கள். எப்போதும் இரட்டை நகரங்களாகவே கட்டுவார்கள். ஏன் தெரியுமா? இரண்டு பையன்களுக்குமே மேயர் பதவி வேண்டும்! இந்த விளையாட்டுகளைப் பற்றி 1911-ல் வெல்ஸ் ஒரு புத்தகம் எழுதினார்.

1913-ல் "சின்னப் போர்கள்" என்ற புத்தகம் வந்தது. இதில்தான் போர் விளையாட்டின் விதிகளை விளக்கினார்.

ஈய பொம்மைகளே படைவீரர்கள். ஒரு முறைக்குக் காலாட்படை ஓர் அடி தூரம் நகரலாம். குதிரைப்படை இரண்டு அடி நகரலாம். பீரங்கி சுட வேண்டுமானால், பக்கத்தில் நான்கு வீரர்களாவது இருக்க வேண்டும். பகடை உருட்டும் வேலை இல்லை. வில் வைத்த பொம்மைப் பீரங்கியில் இருந்து சிறு மரக்குண்டு பாயும். அடிபட்டு விழுந்த பொம்மை செத்ததாகக் கணக்கு.

போர் விளையாட்டு அதற்கு முன்பும் உண்டு. பிரஷ்ய ராணுவ அதிகாரி ரெய்ஸ்விட்ஸ், 1824-லேயே அதிகாரிகளின் பயிற்சிக்காக ஒன்றை உருவாக்கினார். வெல்ஸ் அதைப் போன்ற விளையாட்டை வீட்டுக்குள் கொண்டு வந்தார். அவருடைய நோக்கமும் வேறு.

பெரிய ராணுவ அதிகாரிகள் கூட இந்தச் சின்ன விளையாட்டில் குழம்பித் தவித்ததை அவர் கண்டார். பொம்மைப் படையையே நடத்தத் திணறுகிறவர்கள், உண்மையான போரில் எத்தனை உயிர்களைப் பலி கொடுப்பார்கள் என்று எண்ணினார். போர் வேண்டும் என்பவர்கள் பொம்மைகளை வைத்துச் சண்டை போடட்டும். அதில் யாரும் விதவை ஆவது இல்லை, எந்த ஊரும் எரிவது இல்லை என்பது அவர் கருத்து.

நம்பிக்கை பொய்த்தது

மறு ஆண்டே, 1914-ல், முதலாவது உலகப் போர் மூண்டது. போரை வெறுத்த வெல்ஸ், ஜெர்மனியை எதிர்த்துப் போரிடுவதை ஆதரித்து எழுதினார். இதுவே போர்களுக்கு முடிவு கட்டும் போர் என்று நம்பினார். அந்த நம்பிக்கை பொய்யாகிப் போனது. நான்கு ஆண்டுகளில் 90 லட்சத்துக்கும் அதிகமான போர்வீரர்கள் மாண்டார்கள்.

வெல்ஸ் சோர்ந்து விடவில்லை. ஒவ்வொரு நாடும் தன் வெற்றிகளை மட்டும் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதால் பகை வளர்கிறது என்று நினைத்தார். மனித குலம் முழுவதற்கும் பொதுவாக ஒரு சரித்திரம் எழுதினார். 1920-ல் முழுமையாக வெளிவந்த அந்த நூல், பல லட்சம் பிரதிகள் விற்றது.

இரண்டாவது உலகப் போரில் லண்டன் மீது குண்டு மழை பொழிந்தது. வெல்ஸ் ஊரை விட்டுப் போக மறுத்து விட்டார். 1940-ல் மனித உரிமைகள் பற்றி நூல் எழுதினார்.

அணுகுண்டு என்ற ஆயுதத்தைப் பற்றி 1914-லேயே அவர் ஒரு நாவலில் எழுதி இருந்தார். 1945-ல் அது ஹிரோஷிமாவில் உண்மையாகவே விழுந்தது. அதையும் பார்த்து விட்டுத்தான், 1946-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி, 79-வது வயதில் வெல்ஸ் காலமானார்.

பிற்காலத்தில் பலகையில் ஆடும் போர் விளையாட்டுகள் எத்தனையோ வந்தன. 1980-ல், நகரங்களும் நாகரிகங்களும் வளர்வதையே ஆட்டமாகக் கொண்ட "சிவிலைசேஷன்" வெளிவந்தது. ஆட்டம் முடிந்தால் காய்களைப் பொறுக்கிப் பெட்டியில் வைத்து விடலாம். நாளை மறுபடியும் ஆடலாம். உண்மையான போரில் விழுந்தவர்களை அப்படி எடுத்து நிறுத்த முடியாது. வெல்ஸ் சொல்ல விரும்பியதும் இதுதான்.