அடால்ப் உர்ட்ஸ்

நம் தாம்பரம் கல்லூரியின் இரசாயன சாலையில் உர்ட்ஸ் என்னும் பெயரைக் கேளாத மாணாக்கர் இரார். பரீட்சைக்கு அவர்தம் வினையை மனனஞ் செய்வோர் பலர். அவர்தம் வாழ்க்கையை அறிந்தோரோ சிலர்.

உர்ட்ஸ் 1817ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26ஆம் நாள், ஸ்ட்ராஸ்பர்க் நகரையடுத்த சிற்றூரொன்றில் பிறந்தார். தந்தையார் லுத்தரன் சபைக் குருவானவர். மைந்தனும் வேதசாஸ்திரம் பயின்று திருப்பணி ஏற்கவேண்டுமென்பது அவரது அவா. மைந்தன் உள்ளமோ இரசாயனத்தையே நாடிற்று. இறுதியில் வைத்தியக் கல்விக்குத் தந்தையார் இசைந்தார். அவ்வழியே உர்ட்ஸ் தாம் விரும்பிய துறையை எய்தினார். ஜெர்மனியில் லீபிக் என்னும் பேராசிரியரிடம் சிலகாலம் பயின்று, 1843இல் வைத்தியப் பட்டம் பெற்று, மறு ஆண்டே பாரிஸ் நகர் சேர்ந்தார்.

1849ஆம் ஆண்டில் அவர் ஒரு வாயுவைப் பெற்றார். அதன் நெடி அம்மோனியாவின் நெடியே. ஆயினும் தீப்பட்டவுடன் அது எரிந்தது. இச்சிறு வேறுபாட்டைப் புறக்கணியாது ஆராய்ந்தமையால், அமீன்கள் என்னும் புதிய இனம் வெளிப்பட்டது. பின்னர் 1856இல் கிளைக்காலையும், 1859இல் எத்திலீன் ஆக்சைடையும் கண்டார். 1860இல் எத்திலீன் குளோரோஹைட்ரினை அம்மோனியா நீருடன் சூடாக்கி, எத்தனால் அமீன்களைப் பெற்றார். ஒரே பொருளில் சாராயத்தின் இயல்பும் காரத்தின் இயல்பும் கூடி நிற்பதே இவற்றின் சிறப்பு.

இவ்வினத்தில் எளியதாகிய மோனோ எத்தனால் அமீன் நிறமற்றது, எண்ணெய்போற் குழைவது, நீரில் எவ்வளவும் கரைவது, சுமார் 170 பாகை வெப்பத்திற் கொதிப்பது. அதன் கரைசல் குளிர்ந்த நிலையிற் கரியமிலவாயுவைப் பற்றிக்கொள்ளும். சுமார் 120 பாகைக்குச் சூடேற்றின் அதனை விட்டுவிடும். ஆதலின் ஒரே கரைசல் மீண்டும் மீண்டும் பயன்படும். இத்தகைய முறையில் வாயுக்களைத் தூய்மையாக்க 1930இல் அமெரிக்க நாட்டுப் பாட்டம்ஸ் என்பார் உரிமைப் பத்திரம் பெற்றார். நம் தூத்துக்குடியிலும் 2016ஆம் ஆண்டில், காரத் தொழிற்சாலையொன்றின் கொதிகலன் புகையினின்றும் கரியமிலவாயுவைப் பிரித்துச் சோடாக்காரம் செய்ய அமீன் வகைக் கரைசல் ஏற்படுத்தப்பட்டது. ஆண்டொன்றுக்குச் சுமார் 60,000 டன் பிடிப்பது அதன் நோக்கம். டிரை எத்தனால் அமீன் முகப்பூச்சுகளிலும், சிமெண்டு அரைக்குமிடத்தும், உலோகங் கடையும் பட்டறைகளின் குளிர்நீரிலும் உதவுகிறது.

பயன் மிக்கதாயினும் இது விளையாட்டுப் பொருளன்று. மோனோ எத்தனால் அமீன் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் கையாளுதல் வேண்டும். மேலே பட்டால் கால்மணி நேரம் ஓடும் நீரிற் கழுவி, உடனே வைத்தியரை நாடுக. அமிலத்தோடு சேரின் கடும் வெப்பம் எழும். செம்பு, பித்தளைக் கலங்களை அரிக்கும். டை எத்தனால் அமீனுடன் நைட்ரைட்டுகள் கலப்பின், புற்றுநோய்க்கு ஏதுவாகத்தக்க பொருள் உண்டாகும்.

பெரியோர் வாழ்விலும் களங்கம் உண்டு. கூப்பர் என்னும் ஸ்காட்லாந்து இளைஞர், கரியணுக்கள் ஒன்றோடொன்று பிணைவதை விளக்கி எழுதிய கட்டுரையை 1858இல் உர்ட்ஸிடம் ஒப்படைத்தார். உர்ட்ஸ் அந்நாளில் விஞ்ஞான சங்கத்தின் அங்கத்தினரல்லர். பிறர் வாயிலாகவே அதனைச் சமர்ப்பிக்கவேண்டியிருந்தமையின் தாமதம் நேர்ந்தது. அதற்குள் கெக்குலே என்பார் அக்கருத்தை வெளியிட்டுவிட்டார். சினந்து முறையிட்ட கூப்பர் ஆய்வுசாலையினின்றும் வெளியேற்றப்பட்டார். பின் மனநோயுற்று ஆராய்ச்சிக்கு மீளவேயில்லை. ஆசிரியரின் சிறு தாமதம் மாணாக்கனின் வாழ்வையே மாற்றிவிடக்கூடும் என்பதற்கு இதனினும் துயரமான சான்று வேண்டுவதில்லை.

எனினும் உர்ட்ஸ் பிற மாணாக்கர் பலரை உருவாக்கினார். 1866 முதல் 1875 வரை பாரிஸ் வைத்தியக் கல்லூரித் தலைவராயிருந்து, பெண்மக்கள் அங்குப் பயிலுதற்கு ஆதரவளித்தார். 1871இல் பிறந்த மண்ணாகிய அல்சாஸ் ஜெர்மனி வசமாகியும் பணியிற் சோர்ந்திலர். 1884ஆம் ஆண்டு மே மாதத்தில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

தாம் கண்ட பொருள் பிற்காலத்து எங்கெங்குப் பயன்படுமென்பதை அவர் அறிந்திலர். எரிந்த ஒரு சுடரை அலட்சியம் செய்யாமையே அவர் பெருமை. ஓர் இளைஞனின் தாளைக் காலத்தே சேர்ப்பியாமையே அவர் குறை. மாணாக்கரும் ஆசிரியருமாகிய நாம் இரண்டையும் ஒருங்கே நினைவிற்கொள்வோமாக.