படிகத்தைப் படித்த ஆயர்
முத்திப்பேறு பெற்ற நிக்கோலாஸ் ஸ்டேனோ

உப்புநீரை வெயிலில் வைத்தால் நீர் வற்றி, சதுர முகங்களுடன் உப்புக் கற்கள் அடியில் தங்குவதை நாம் கண்டிருக்கிறோம். யாரும் செதுக்காத அக்கற்களுக்கு அந்தச் சீரான வடிவம் எங்கிருந்து வந்தது? இக்கேள்விக்கு விடை காண வழி திறந்தவர், பின்னாளில் நம் திருச்சபையின் ஆயரான ஒரு பெரியார்.

நிக்கோலாஸ் ஸ்டேனோ 1638-ஆம் ஆண்டு டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில், லூத்தரன் குடும்பத்தில், ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தார். மருத்துவம் பயின்ற அவர், 1660-இல் கன்னத்துச் சுரப்பியிலிருந்து வாய்க்கு உமிழ்நீர் கொண்டுவரும் குழாயைக் கண்டறிந்தார். இன்றும் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. பின்னர் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் மெடிசி குலத்து மன்னரின் ஆதரவில் ஆராய்ச்சி செய்தார்.

1666-இல் ஒரு பெரிய சுறாவின் தலையை அறுத்து ஆராய்ந்தபோது, பாறைகளுக்குள் கிடைக்கும் நாக்கு வடிவக் கற்கள் பழங்காலச் சுறாக்களின் பற்களே என்று உணர்ந்தார். திடப்பொருளுக்குள் மற்றொரு திடப்பொருள் எப்படி வந்தது என்று சிந்திக்கலானார். அச்சிந்தனையே அவரைப் படிகங்களிடம் கொண்டு சேர்த்தது.

ஸ்படிகம் என்பது கடுங்குளிரில் இறுகிய பனிக்கட்டி என்று அந்நாளில் பலர் நம்பினர். செடிபோல் உள்ளிருந்து வளர்கிறது என்பாரும் உண்டு. இரண்டும் சரியல்ல என்று ஸ்டேனோ 1669-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். சூழ்ந்துள்ள திரவத்திலிருந்து பொருள் பிரிந்து, படிகத்தின் வெளிமுகங்களில் படிந்து சேர்கிறது. எல்லா முகங்களிலும் ஒரே அளவாகச் சேர்வதில்லை. அதனால் ஒரு படிகம் நெட்டையாகவும் மற்றொன்று குட்டையாகவும் அமையலாம். ஆனால் முகங்கள் கூடும் கோணங்கள் மாறுவதில்லை. ஸ்படிகத்தின் ஆறு பக்க முகங்களில் அடுத்தடுத்தவை எப்போதும் 120 பாகையிலேயே சந்திக்கின்றன. 1783-இல் பிரெஞ்சு அறிஞர் ரோமே தெ லீல் பல கனிமங்களை அளந்து இதைப் பொதுவிதியாக நிலைநாட்டினார். அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்படுவதே இதற்குக் காரணம் என்பதை இன்று நாம் அறிவோம்.

1666-இல் லிவோர்னோ நகரில் அவர் கண்ட நற்கருணைப் பவனி அவர் உள்ளத்தை உலுக்கியது. நெடுநாள் ஆராய்ந்து, செபித்து, 1667-இல் கத்தோலிக்க விசுவாசத்தை ஏற்றார். 1675-இல் குருவானார், 1677-இல் ஆயராக அபிஷேகம் பெற்று, வட ஜெர்மனியில் சிதறிக் கிடந்த சிறு மந்தையை மேய்க்கச் சென்றார். ஐரோப்பா போற்றிய அறிஞர், ஆயருக்குரிய மோதிரத்தையும் சிலுவையையும் விற்று ஏழைகளுக்கு உதவினார். மூன்ஸ்டர் நகரில் ஆயர் தேர்தலில் பணம் விளையாடியதைக் கண்டு மனம் பொறாமல், 1683-இல் அங்கிருந்து வெளியேறினார். 1686 டிசம்பர் 5 அன்று ஷ்வெரின் நகரில், 48-ஆம் வயதில், ஏழையாக இறைவனடி சேர்ந்தார். அவரது உடல் பிளாரன்சில் புனித லாரன்ஸ் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1988 அக்டோபர் 23 அன்று அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

அன்பார்ந்த பங்கு மக்களே! படிகம் ஒரே நாளில் உருவாவதில்லை. அடுக்கின்மேல் அடுக்காக, அமைதியாக வளர்கிறது. மருத்துவர், அறிஞர், குரு, ஆயர் என்று ஸ்டேனோவின் வாழ்வும் பல முகங்கள் கண்டது. உண்மையைத் தேடும் அவரது நேர்மை மட்டும் கோணம் மாறவில்லை. ஜூபிலி காணும் நம் பங்கும் அவ்வாறே வளர்வதாக!